கேளுங்க, சொல்றேன்: மைதானத்துல எல்லாருக்கும் இடம்

போன இதழ்ல ஒரு பதில்ல போற போக்குல ஒண்ணு சொல்லியிருந்தேன். விளையாட்டுல எல்ஜிபிடி ஆளுங்களும் (தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்க, திருநங்கைகள், திருநம்பிகள்) பயமில்லாம ஆடணும்னு உழைச்ச வீரர்களுக்கும் வாலண்டியர்களுக்கும் விருது கொடுத்து கௌரவிக்கறது நல்ல விஷயம்னு. அந்த ரெண்டு வரிக்கு வந்த மெயிலே இந்தப் பக்கத்தை ரொப்பிடுச்சு. திட்டி வந்ததையும் சேர்த்துதான் போட்டிருக்கேன், கெட்ட வார்த்தை மட்டும் கட்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ்னா திறமைதானே சார் முக்கியம், ஒருத்தன் யாரை லவ் பண்றான்னு எதுக்கு பார்க்கணும், அதுக்கு அவார்டு வேறயா? (பையனை கிரிக்கெட் கோச்சிங் அனுப்பற ஒரு அப்பா)

உங்க கேள்வியோட முதல் பாதியை அப்படியே ஒத்துக்கறேன். திறமையை மட்டும் பார்த்திருந்தா இந்த விருதுக்கே வேலை இல்ல. ஆனா பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்தாங்களே, அதான் பிரச்சினை.

கிளென் பர்க்னு ஒரு அமெரிக்க பேஸ்பால் வீரர். 1977 அக்டோபர் 2, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் மேட்ச். டஸ்டி பேக்கர் அந்த சீசன்ல தன்னோட 30வது ஹோம் ரன்னை (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சுட்டு சுத்தி ஓடி வர்றாரு, அடுத்து பேட் பண்ண காத்திருந்த பர்க் கையை தலைக்கு மேல உசரமா தூக்கிட்டு நிக்கறாரு, பேக்கரும் கையை தூக்கி அந்தக் கையில ஓங்கி ஒரு தட்டு தட்டறாரு. அடுத்து பர்க் போய் மேஜர் லீக்ல தன்னோட முதல் ஹோம் ரன்னை அடிச்சுட்டு வர, இப்போ பேக்கர் கையை தூக்கறாரு. இன்னிக்கு உங்க பையன் விக்கெட் விழுந்ததும் ஓடிப்போய் தட்டறான் பாருங்க ஹை ஃபைவ், அதோட ஆரம்பம்னு பல பேர் சொல்றது இந்த ஒரு தட்டைத்தான்.

அந்த பர்க் கே, அதாவது ஆண்கள் மேல ஈர்ப்பு உள்ளவர். டீம்ல இருந்த பாதி பேருக்கு தெரியும், பெருசா யாரும் அலட்டிக்கல, மேல உட்கார்ந்திருந்தவங்களுக்குதான் உறுத்தல். கல்யாணம் பண்ணிக்கோ, ஹனிமூனுக்கு கிளப்பே பணம் தரும்னு ஆசை காட்டினாங்கன்னு பர்க்கே பின்னாடி சொன்னாரு, அதுக்கு அவர் திருப்பி கேட்டது "பொண்ணையா?"ன்னு. அடுத்த வருஷமே ஓக்லாண்டு கிளப்புக்கு தள்ளி விட்டுட்டாங்க, அங்கயும் நிம்மதி இல்ல, முப்பது வயசுக்கு முன்னாடியே ஆட்டத்தை விட்டாச்சு. 1982ல வெளிப்படையா சொன்னாரு, 1995ல எய்ட்ஸ்ல போயிட்டாரு, நடுவுல தெருவுல படுத்துக் கிடந்த காலமும் உண்டு. ஓக்லாண்டு கிளப், எல்ஜிபிடி ஆளுங்களைக் கொண்டாடற தன்னோட பிரைடு நைட்டுக்கு அவர் பேரை வெச்சது 2021ல. டாட்ஜர்ஸ் அவர் குடும்பத்தை கூப்பிட்டு மரியாதை பண்ணது 2022ல, அதாவது ஆளு போய் 27 வருஷம் கழிச்சு. இங்கிலாந்து ஃபுட்பால்ல ஜஸ்டின் ஃபஷானுவுக்கும் இதே கதைதான், 1990ல தான் கேன்னு சொன்னாரு, 1998ல தற்கொலை, ஹால் ஆஃப் ஃபேம்ல இடம் கிடைச்சது 2020ல.

அதனாலதான் சார் அவார்டு. ஆளு உயிரோட இருக்கறப்பவே கையில கொடுத்துடலாம்ல?

கேள்வி: இந்த மாதிரி விருதெல்லாம் யாரு கொடுக்கறாங்க? (காலேஜ் ஹாக்கி டீம் மாணவி)

பல மாதிரி இருக்கும்மா. அரசாங்கமே கொடுக்கறது ஒரு வகை. டென்னிஸ் பில்லி ஜீன் கிங்குக்கு 2009லயும் ஃபுட்பால் மேகன் ரப்பினோவுக்கு 2022லயும் அமெரிக்க அதிபர் கையால சுதந்திரப் பதக்கம் கிடைச்சுது. வேல்ஸ் ரக்பி முன்னாள் கேப்டன் கேரத் தாமஸுக்கு பிரிட்டன்ல சிபிஇங்கற அரசு கௌரவம். டிவிக்காரங்க நடத்தற விழாவுலயும் உண்டு, 2014ல ஈஎஸ்பிஎன் டிவியோட எஸ்பி விருது விழாவுல டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் பேர்ல இருக்கற துணிச்சல் விருது அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் மைக்கேல் சாமுக்கு போச்சு. ஆஸ்திரேலியாவுல பிரைடு இன் ஸ்போர்ட் விருதுகள்னு தனியாவே நடத்தறாங்க.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது கே கேம்ஸ் கூட்டமைப்பு டாம் வாடெல் பேர்ல கொடுக்கற விருதுதான், ஏன்னா அந்த ஆளு கதை அப்படி. வாடெல் ஒரு டாக்டர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்ல டெகாத்லான்ல (பத்து தடகளப் போட்டி சேர்ந்தது) ஆறாவதா வந்தவர். 1982ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கே ஒலிம்பிக்ஸ்னு ஒரு போட்டி ஆரம்பிச்சாரு, அதுல கலந்துக்க தகுதிச் சுற்றுன்னு எதுவும் கிடையாது, யாரு வேணா வரலாம், கே இல்லாதவங்களும் வரலாம், எந்த வயசா இருந்தாலும் வரலாம். போட்டி நெருங்கற நேரம் பார்த்து அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கோர்ட்டுக்கு போய் ஒலிம்பிக்ஸ்ங்கற பேரை வைக்கக் கூடாதுன்னு தடை வாங்கிடுச்சு. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் அது கே கேம்ஸ். வக்கீல் செலவுக்குன்னு வாடெலோட வீட்டு மேலயே பாத்தியதை போட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1987 ஜூன்ல 5க்கு 4னு வாடெல் தரப்பு தோத்துச்சு, அடுத்த மாசமே அவரும் எய்ட்ஸ்ல இறந்துட்டாரு.

போட்டி நிக்கல. 1994 நியூயார்க் கேம்ஸ்லதான் டைவிங் ஜாம்பவான் கிரெக் லுகானிஸ் தான் கேன்னு வெளிப்படையா சொன்னாரு. 2023ல ஹாங்காங், குவாடலஹாரான்னு ரெண்டு ஊர்ல ஒரே சமயத்துல நடந்துச்சு. இத்தனை வருஷமும் இதை இழுத்துட்டு வந்தது முக்கால்வாசி சம்பளமில்லாத கைங்கதான், ஸ்டாப்வாட்ச் பிடிச்சவங்க, வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு தன் வீட்டுல பாய் விரிச்சவங்க, ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல உட்கார்ந்தவங்க. அவங்க பேரு எந்த ரெக்கார்டு புக்குலயும் இருக்காது.

கேள்வி: வீரர் தைரியமா வெளிய சொல்றாரு, சரி, பாராட்டலாம். தண்ணி பாட்டில் தூக்கற வாலண்டியருக்கு எதுக்கு மேடை? (ஒரு பி.டி. மாஸ்டர்)

மாஸ்டர், நீங்க இதைக் கேட்கலாமா? ஸ்கூல் டீம்ல எந்தப் பையன் டிரஸ்ஸிங் ரூமுக்கு கடைசியா போய் முதல்ல வெளிய வர்றான்னு உங்களுக்குதானே முதல்ல தெரியும்.

பிரெண்டன் பர்க் கதையைச் சொல்றேன் (கிளென் பர்க்குக்கு உறவில்ல, பேரு ஒத்துப் போச்சு அவ்ளோதான்). ஓஹையோவுல இருக்கற மயாமி யுனிவர்சிட்டி ஐஸ் ஹாக்கி டீமோட ஸ்டூடண்ட் மேனேஜர். களத்துல இறங்கற பிளேயர் இல்ல, டீமுக்கு கூடமாட வேலை பார்க்கற பையன். அப்பா பிரையன் பர்க் அப்போ டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸோட ஜெனரல் மேனேஜர், ஐஸ் ஹாக்கி உலகத்துலயே முரட்டு ஆளுன்னு பேர் வாங்கினவர். ஸ்கூல்ல பிரெண்டனும் ஹாக்கி ஆடினவன்தான், கூட இருக்கறவங்க பேசற பேச்சுல எங்க மாட்டிக்குவோமோன்னு பயந்து விட்டவன். 2009ல தான் கேன்னு வெளிப்படையா சொன்னான். டீம் அவனை விட்டுக் கொடுக்கல, அப்பாவும் கூடவே நின்னாரு. 2010 பிப்ரவரியில கார் ஆக்ஸிடெண்ட், பையன் போயிட்டான். அண்ணன் பேட்ரிக் 2012ல யூ கேன் ப்ளேன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, என்ஹெச்எல் (வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) பிளேயர்களை கேமரா முன்னாடி நிறுத்தி, "ஆடத் தெரிஞ்சா ஆடலாம், அவ்ளோதான்"ங்கற மாதிரி பேச வெச்சாரு. ஒரு கோல்கூட போடாத ஒரு மேனேஜர் பையன்கிட்ட இருந்து கிளம்பினது இது.

டிரஸ்ஸிங் ரூம்ல "பொம்பள மாதிரி ஓடுறான் பாரு"ன்னு ஒருத்தன் சொல்றப்ப, ஸ்டார் பிளேயர் பெரும்பாலும் அங்க இருக்கறதில்ல மாஸ்டர், பாட்டில் தூக்கறவன்தான் இருக்கான். அவன் சிரிக்கறானா, "டேய் நிறுத்து"ங்கறானாங்கறதுலதான் அந்தப் பையன் நாளைக்கு பிராக்டிஸுக்கு வருவானா மாட்டானாங்கறதே இருக்கு. ரெஃப்ரியும் இந்தக் கணக்குலதான் வருவாரு. வேல்ஸ் ரக்பி ரெஃப்ரி நைஜல் ஓவன்ஸ் 2007ல தான் கேன்னு சொன்னாரு, 2015 உலகக் கோப்பை ஃபைனலுக்கு விசில் அடிச்சதே அவர்தான், அடுத்த வருஷம் பிரிட்டன் அரசோட எம்பிஇ கௌரவம்.

கேள்வி: எங்க கிளப் ஆண்டு விழாவுல இப்படி ஒரு விருது வைக்கலாம்னு கமிட்டியில முடிவாச்சு. ஜூனியர் பசங்களுக்கு ரொம்ப ஆதரவா இருக்கற ஒரு சீனியர் பிளேயருக்கு கொடுக்கலாம்னு இருக்கோம். அவரும் "அந்த மாதிரி"தான்னு எங்களுக்கு தெரியும், அவரா சொன்னதில்ல. சர்ப்ரைஸா மேடையில அறிவிச்சா நல்லா இருக்குமா? (கிளப் செகரட்டரி)

வேண்டாங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன், வேண்டவே வேண்டாம்.

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல எனக்கு திக்குனு ஆனது இது ஒண்ணுதான். உங்க மனசு நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வீட்டுல தெரியாம இருக்கலாம், ஆபீஸ்ல தெரியாம இருக்கலாம், வாடகை வீட்டு ஓனருக்கு தெரியாம இருக்கலாம், நீங்க மைக்ல சொன்ன அந்த அரை நிமிஷம் வீடியோவா ஃபேமிலி குரூப்புக்கு போயிடும், அப்புறம் மாலையும் ஷீல்டும் அவருக்கு எதுக்கு? பில்லி ஜீன் கிங்கை எடுத்துக்கோங்க, 1981ல அவங்களா சொல்லல, முன்னாடி பழகின ஒரு பெண் போட்ட கேஸால வெளிய வந்துச்சு. ஒரே நாள்ல கிட்டத்தட்ட எல்லா ஸ்பான்சரும் கழண்டுக்கிட்டாங்க. உலகமே கொண்டாடின சாம்பியனுக்கே அந்த கதி.

தனியா கூப்பிட்டுப் பேசுங்க, அதுலயும் "நீங்க அந்த மாதிரியா"ன்னு ஆரம்பிக்காதீங்க, அது உங்களுக்கு தேவையே இல்லாத தகவல். "ஜூனியர் பசங்களுக்கு நீங்க பண்றதுக்காக ஒரு விருது கொடுக்க நினைக்கறோம், விருதோட பேரு இது, மேடையில படிக்கப் போற வாசகம் இது, போட்டோ ஃபேஸ்புக்ல போகும், உங்களுக்கு ஓகேவா?"ன்னு கேளுங்க. வாசகத்தை எழுத்துலயே காட்டிடுங்க. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்காதீங்க, அதை கமிட்டியில போய் சொல்லிட்டும் இருக்காதீங்க. அவருக்கு சம்மதம்னா, அந்த வாசகத்துல அவர் யாருங்கறதை விட என்ன பண்ணாருங்கறது இருக்கட்டும். எந்தப் பையனை திரும்ப டீமுக்கு கூட்டிட்டு வந்தாரு, எந்த கேலியை நிறுத்தினாரு, கிளப் ரூல்ஸ்ல என்ன மாறிச்சு. (பையன் பேரும் வேண்டாம், அவனுக்கும் இதே ரூல்தான்.)

இன்னொண்ணு, நாமினேஷனை கமிட்டி அஞ்சு பேரே முடிவு பண்ணாதீங்க. ஜூனியர்ஸ்கிட்ட பேரில்லாம சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்க. நீங்க நினைக்காத ஒரு ஆளு பேரு வரும்னு நினைக்கறேன், ஸ்கோரரா இருக்கலாம், கிரவுண்டைப் பெருக்கற அக்காவா இருக்கலாம்.

கேள்வி: கே இல்லாதவங்களுக்கும் இந்த விருது கொடுக்கலாமா?

தாராளமா. ஹட்சன் டெய்லர்னு மேரிலாண்ட் யுனிவர்சிட்டி மல்யுத்த வீரர், கே இல்ல, எல்ஜிபிடி உரிமைக்கு ஆதரவா ஹெட்கியர்ல ஒரு ஸ்டிக்கரை ஒட்டிட்டு மேட்ல இறங்கினாரு. சும்மா ஸ்டிக்கர்தான். அது நியூஸ் ஆகி, தனியா மறைஞ்சு இருந்த பசங்க எல்லாம் அவருக்கு எழுத ஆரம்பிச்சதும் 2011ல அத்லெட் ஆலைன்னு அமைப்பே தொடங்கிட்டாரு. ஆனா மேடையில இருக்கற எல்லாருமே ஆதரவாளர்களா இருந்து, யாருக்காக விருதோ அவங்க ஒருத்தர்கூட இல்லன்னா, எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்.

கேள்வி: 2022 கத்தார் உலகக் கோப்பையில ஐரோப்பிய கேப்டன்கள் எல்ஜிபிடி ஆளுங்களுக்கு ஆதரவா ஒன் லவ்ங்கற கைப்பட்டையை, அதான் ஆர்ம்பேண்டை, போடறோம்னு சொல்லிட்டு கடைசி நிமிஷத்துல பின்வாங்கிட்டாங்களே, அவங்களுக்கும் பாராட்டு விழாவா?

போட்டா மஞ்சள் கார்டுன்னு ஃபிஃபா மிரட்டினதும் ஏழு டீமும் கழட்டி வெச்சிருச்சு. பாராட்டு வேண்டாம், ஒரேயடியா திட்டவும் வேண்டாம். முன்னாள் இங்கிலாந்து வீராங்கனை அலெக்ஸ் ஸ்காட் பிபிசிக்காக கிரவுண்டு ஓரம் நின்னு பேசினப்ப அதே பேண்டைப் போட்டுக்கிட்டாங்க. கொடுக்கணும்னா அங்க கொடுங்க.

கேள்வி: இதெல்லாம் கம்பெனிங்களோட விளம்பர உத்தி சார். ஜூன் எல்ஜிபிடி பிரைடு மாசம்னு அவங்க வானவில் கொடி நிறத்துல லோகோ, ஜூலையில காணோம். நீங்க வேற கொடி பிடிக்கறீங்க. (பேர் போடாத வாசகர், கோபமா)

கோபம் நியாயம்தான், பாதி. ஆஸ்திரேலியாவுல மேன்லி ரக்பி லீக் கிளப் 2022ல வானவில் கோடு போட்ட ஜெர்சியை இறக்குச்சு, பிளேயர்கள்கிட்ட முன்கூட்டி ஒரு வார்த்தைகூட பேசல, மத நம்பிக்கை இடிக்குதுன்னு ஏழு பேர் அந்த மேட்ச் ஆடல. இத்தனைக்கும் 1995லயே தான் கேன்னு சொன்ன இயன் ராபர்ட்ஸ் ஆடின கிளப் அது, வருஷக்கணக்கா டிரஸ்ஸிங் ரூம்ல உட்கார்ந்து பேச வேண்டிய விஷயத்தை ஒரு ஜெர்சியில முடிக்கப் பார்த்தா அப்படித்தான் வெடிக்கும். 2023ல அதே டாட்ஜர்ஸ் கூத்து இன்னும் மோசம். 1979ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஆரம்பிச்ச சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இன்டல்ஜென்ஸ்னு ஒரு குழு, கன்னியாஸ்திரி வேஷம் போட்டுக்கிட்டு எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கும் தர்மத்துக்கும் பணம் திரட்டறவங்க, முழுக்க வாலண்டியர்ஸ். கம்யூனிட்டி ஹீரோ விருது தர்றோம்னு கூப்பிட்டாங்க, கத்தோலிக்க அமைப்புகள் எதிர்த்ததும் வராதீங்கன்னுட்டாங்க, இந்தப் பக்கம் கோபம் கிளம்பினதும் மன்னிப்பு கேட்டு திரும்ப கூப்பிட்டாங்க. அந்த வேஷம் சிலர் மனசை புண்படுத்தும்ங்கறது எனக்கும் புரியுது, ஆனா அது கூப்பிடறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது. கூப்பிட்டு, விரட்டி, திரும்ப கூப்பிட்டா அதுக்கு பேரு மரியாதை இல்ல.

மீதி பாதி நியாயம் ஏன் இல்லைன்னா, ஐஸ் ஹாக்கியில 2023ல என்ஹெச்எல் முதல்ல வார்ம் அப்ல பிரைடு ஜெர்சியை நிறுத்துச்சு, அப்புறம் மட்டையில சுத்தற வானவில் டேப்பையும் தடை பண்ணிச்சு. அரிசோனா வீரர் டிராவிஸ் டெர்மாட் தடையை மீறி டேப்பை சுத்திட்டு இறங்கினாரு, மூணு நாள்ல தடையை வாபஸ் வாங்கிட்டாங்க. இதுல எந்த கம்பெனிக்கு என்ன விளம்பரம், சொல்லுங்க?

கேள்வி: ஓட்டப்பந்தய டூட்டி சந்தை பெரிய வீராங்கனைன்னு எழுதறீங்க. டோப்பிங்ல மாட்டி 4 வருஷ தடை வாங்கினவங்களுக்கு எதுக்கு கௌரவம்?

ரெண்டையும் ஒரே தாள்ல எழுதலாங்க, பேனா ஒண்ணும் ஒடைஞ்சுடாது. 2014ல உடம்புல ஆண் ஹார்மோன் அதிகம்னு காமன்வெல்த் கேம்ஸ் டீம்ல இருந்து கடைசி நேரத்துல எடுத்தாங்க, மருந்து சாப்பிட்டு ஹார்மோனைக் குறைச்சுக்கிட்டா ஓடலாம்னாங்க, முடியாதுன்னு விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய் 2015ல அந்த விதியையே நிறுத்தி வைக்க வெச்சாங்க. கூட நின்னது ஆராய்ச்சியாளர் பயோஷ்னி மித்ரா மாதிரி ஆளுங்க, கேஸ் ஜெயிச்ச போட்டோவுல இவங்களை எல்லாம் யாரும் தேடறதில்ல. 2018 ஏஷியன் கேம்ஸ்ல 100, 200 மீட்டர் ரெண்டுலயும் வெள்ளி. 2019ல தான் ஒரு பெண்ணோட உறவுல இருக்கறதா சொன்னாங்க, இந்தியாவுல அப்படி வெளிப்படையா சொன்ன முதல் தடகள நட்சத்திரம். 2023ல டோப்பிங் தடை, அதுவும் நிஜம். டோப்பிங்குக்கு தண்டனை தனியா கொடுத்தாச்சு. 2015லயும் 2019லயும் பண்ணது அதால அழியாது.

சாந்தி சௌந்தரராஜனை ஏன் இதுல சேர்க்கலன்னு நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. 2006 தோஹா ஏஷியன் கேம்ஸ்ல 800 மீட்டர்ல ஜெயிச்ச வெள்ளியை பாலினப் பரிசோதனைங்கற பேர்ல பிடுங்கினது பெரிய அநியாயம், ஆனா அது உடற்கூறு சம்பந்தப்பட்ட கேஸ், யாரை நேசிக்கறாங்கங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டு கலக்கறதே அவங்களுக்கு பண்ற இன்னொரு தப்பு. விருது கொடுக்கறதா இருந்தா ஓட்டத்துக்கும் கோச்சிங்குக்கும் கொடுங்க.

கேள்வி: திருநங்கைகள் பெண்கள் பிரிவுல ஆடறது நியாயமா? இந்த விருதுக்காரங்க அதையும் ஆதரிக்கறாங்களா? (நீச்சல் வீராங்கனையோட அம்மா)

அம்மா, இது நிஜமாவே சிக்கலான கேள்வி, நாலு வரியில தீர்ப்பு சொல்ல நான் நீதிபதி இல்ல. உலக நீச்சல் அமைப்பு 2022லயும் உலக தடகள அமைப்பு 2023லயும், ஆணா வயசுக்கு வந்தவங்க சர்வதேச பெண்கள் பிரிவுல ஆடக் கூடாதுன்னு விதி போட்டுருச்சு. எதிர்க்கறவங்களும் இருக்காங்க, ஆதரிக்கறவங்களும் இருக்காங்க, எல்ஜிபிடி வீரர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, டென்னிஸ் ஜாம்பவான் மார்ட்டினா நவ்ரத்திலோவாவே தடை வேணும்ங்கற பக்கம். 1977ல திருநங்கை டென்னிஸ் வீராங்கனை ரெனே ரிச்சர்ட்ஸ் கோர்ட்ல ஜெயிச்சு யுஎஸ் ஓப்பன் பெண்கள் பிரிவுல ஆடினாங்க, அப்போ அவங்களுக்கு ஆதரவா வாக்குமூலம் கொடுத்தவங்க பில்லி ஜீன் கிங். பின்னாடி அதே ரிச்சர்ட்ஸ் நவ்ரத்திலோவாவுக்கு கோச்சாவும் இருந்தாங்க. இவ்ளோ சிக்கல் இதுல.

ஆனா உலக சாம்பியன்ஷிப் கேள்வி வேற, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிள்ளை கிரவுண்டுக்கு வந்து பந்தை உதைக்கலாமாங்கற கேள்வி வேற. மணிப்பூர்ல யா ஆல்ங்கற அமைப்பு திருநம்பிகளை சேர்த்து ஃபுட்பால் டீமே கட்டினாங்க. அங்க மெடல் பஞ்சாயத்து எதுவும் இல்ல, ஆடணும்னு ஆசை இருந்தும் எந்த டீம்லயும் சேர்க்காத பசங்களுக்கு ஒரு டீம். வாலண்டியர் விருதுங்க பெரும்பாலும் தேடறது இந்த வேலையைத்தான்.

கேள்வி: விருதுன்னா ஷீல்டு, சால்வை தாண்டி என்ன கொடுக்கலாம்? (அதே கிளப் செகரட்டரி, ரெண்டாவது மெயில்)

சர்ப்ரைஸை கைவிட்டாச்சுன்னு எழுதியிருந்தீங்க, சந்தோஷம். ஜேசன் காலின்ஸ் 2013ல தான் கேன்னு சொன்ன என்பிஏ (அமெரிக்க பேஸ்கட்பால் லீக்) வீரர், அவர் போட்ட ஜெர்சி நம்பர் 98, அதுவும் 1998ல கேங்கறதுக்காகவே கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்டுங்கற மாணவனோட நினைவா. 2014ல அவர் திரும்ப ஆட வந்தப்ப அந்த ஜெர்சி அள்ளிக்கிட்டு போச்சு, வித்த காசை ஷெப்பர்டு பேர்ல இருக்கற அறக்கட்டளைக்கும் இன்னொரு அமைப்புக்கும் கொடுத்தாங்க. நீங்களும் விருது வாங்கறவர்கிட்டயே கேளுங்க, அவர் பார்த்துக்கற ஜூனியர் பசங்களுக்கு என்ன வேணும்னு. ஷூவா இருக்கலாம், பஸ் பாஸா இருக்கலாம், டிரஸ் மாத்த தாழ்ப்பாள் போட்ட ஒரு தனி ரூமா இருக்கலாம். ரூம்னு சொன்னா, விழாவுக்கு முன்னாடியே கட்டி முடிச்சுடுங்க, அடுத்த கமிட்டி மீட்டிங் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.